முதலில் அடிப்பவனும் தோற்கும் ஆட்டம்

1967 ஜூன் மாதம். மேற்காசியாவில் ஆறு நாள் போர் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஐ.நா. கூட்டத்துக்காக சோவியத் பிரதமர் அலெக்சி கோசிகின் நியூயார்க் வந்திருந்தார். அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனும் அவரும் சந்தித்துப் பேச வேண்டும். ஆனால் வாஷிங்டனுக்குப் போக கோசிகினுக்கு மனமில்லை, நியூயார்க்குக்கு வர ஜான்சனுக்கு மனமில்லை. யார் வாசலை யார் மிதிப்பது என்ற சம்பந்தி வீட்டுப் பிரச்சினைதான். கடைசியில் இரண்டு ஊருக்கும் நடுவாக நியூஜெர்சி மாநிலத்தில் கிளாஸ்பரோ என்ற சிற்றூரைப் பிடித்தார்கள். அங்கே ஒரு கல்லூரித் தலைவரின் வீட்டில் பேச்சு நடந்தது.

சோவியத் யூனியன் அப்போது மாஸ்கோவைச் சுற்றி ஏவுகணை எதிர்ப்பு அமைப்பு ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. வரும் அணு ஏவுகணையை வானத்திலேயே வழிமறித்து அழிப்பது அதன் வேலை. கிளாஸ்பரோவில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மக்னமாரா கோசிகினிடம் அதை நிறுத்தச் சொன்னார். நாங்களும் கட்டாமல் இருக்கிறோம், நீங்களும் கட்டாதீர்கள் என்றார். கோசிகினுக்குக் கோபம் வந்துவிட்டது. தற்காப்பு தர்மம், தாக்குவதுதான் அதர்மம், என் மக்களை நான் காப்பாற்றிக்கொள்வதில் உங்களுக்கு என்ன சிரமம் என்ற பொருளில் பதில் சொன்னார்.

படித்தவுடன் கோசிகின் பக்கம்தான் நியாயம் இருப்பதாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கத்தியைக் கீழே போடு என்று கேட்டால் புரிகிறது, கேடயத்தைக் கீழே போடு என்று யாராவது கேட்பார்களா? ஆனால் ஐந்தே வருடத்தில், 1972இல், சோவியத் தலைமையே மக்னமாராவின் வாதத்தை ஏற்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. ஏன் போட்டது என்று விளங்கிவிட்டால் பனிப்போர்க் கால வெளியுறவுக் கொள்கையில் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும். இந்தக் கட்டுரையில் அந்த ஒரு முடிச்சை மட்டும் அவிழ்த்துப் பார்ப்போம்.

முந்திக்கொள்ளும் ஆசை

பழைய காலத்துப் போரில் ஒரு வரிசை உண்டு. முதலில் எல்லைப் படை, பிறகு கோட்டை, அதற்கும் பிறகுதான் ஊரும் மக்களும். அணுகுண்டும் அதைத் தூக்கிச் செல்லும் விமானமும் ராக்கெட்டும் இந்த வரிசையைக் கலைத்துவிட்டன. எதிரிப் படையில் ஒரு சிப்பாய்மீதுகூட கை வைக்காமல் அவன் தலைநகரை நேராக அழித்துவிடலாம். அமெரிக்க மண்ணிலிருந்து கிளம்பும் ஏவுகணை ரஷ்யாவைத் தொட சுமார் அரை மணி நேரம் போதும்.

1945 முதல் நான்கு வருடம் குண்டு அமெரிக்காவிடம் மட்டும் இருந்தது. அந்த ஜூலையில் போட்ஸ்டாம் மாநாட்டில் அதிபர் ட்ரூமன், எங்களிடம் ஒரு புதிய பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று ஸ்டாலினிடம் போகிறபோக்கில் சொல்லிப் பார்த்தார். ஸ்டாலின் அசரவில்லை. அசராததற்குக் காரணம், அவருடைய உளவாளிகள் முன்பே எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். 1949 ஆகஸ்ட் 29 அன்று கசாக்ஸ்தானில் செமிபலாட்டின்ஸ்க் வெட்டவெளியில் சோவியத் குண்டும் வெடித்தது. அதை மாஸ்கோ வெளியே சொல்லவில்லை. பசிபிக் வானில் பறந்த அமெரிக்க விமானம் ஒன்றின் வடிகட்டியில் கதிரியக்கத் தூசி படிந்திருந்தது, விஷயம் தெரிந்துவிட்டது. சோவியத்தின் குண்டைப் பற்றி உலகத்துக்கு அறிவித்தவர் ட்ரூமன்.

சரி, இப்போது இருவரிடமும் குண்டு இருக்கிறது. இனி யாரும் துணிய மாட்டார்கள், பயத்தால் அமைதி வந்துவிடும் என்றுதான் பொதுவாக நினைப்போம். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்.

1950களின் நிலைமையைக் கற்பனை செய்து பாருங்கள். குண்டுகள் எல்லாம் விமான தளங்களில் இருக்கின்றன. தளங்கள் எங்கே இருக்கின்றன என்பது எதிரிக்குத் தெரியும். ஒரு விடியற்காலையில் அவன் அந்தத் தளங்களை மட்டும் அடித்துவிட்டால், உங்கள் குண்டுகள் கிளம்புவதற்கு முன்பே அவை இருந்த இடத்தோடு போய்விடும். பிறகு உங்களிடம் எதுவும் இல்லை. முந்தியவன் ஜெயிக்கிறான். இது உங்களுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், உங்களுக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆகவே எல்லையில் சின்ன உரசல் வந்தால்கூட, நாம் சும்மா இருந்தாலும் அவன் அடித்துவிடுவானோ, அதற்குள் நாமே முந்திக்கொண்டால் என்ன என்று இரண்டு பக்கமும் மனது அலைபாயும். யாருக்கும் போர் வேண்டாம். ஆனாலும் பயத்தாலேயே போர் வரலாம்.

ஆகவே குண்டுகளை எண்ணிப் பார்த்துப் பயனில்லை. ஒருவன் ஓங்கி அடித்த பிறகும், அடி வாங்கியவனிடம் திருப்பி அடிக்க ஏதாவது மிஞ்சுமா என்று பார்க்க வேண்டும். மிஞ்சும் என்றால் முந்துவதில் லாபமில்லை. லாபமில்லை என்றால் அவசரமும் இல்லை. பதற்றமான நேரத்தில் யோசிப்பதற்கு ஓர் இரவு கிடைக்கும். இப்படி அழியாமல் மிஞ்சக்கூடிய பதிலடித் திறனை ராணுவ மொழியில் இரண்டாம் அடி என்கிறார்கள். டெட்டரன்ஸ், அதாவது எதிரியை அச்சத்தால் தடுத்து நிறுத்துவது, முழுக்க இந்த இரண்டாம் அடியின் தோளில்தான் நிற்கிறது.

ஒளித்து வைக்கும் கலை

பதிலடியை எப்படிப் பிழைக்க வைப்பது? அமெரிக்கா முதலில் விமானங்களை நம்பியது. தரையில் நின்றால்தானே அடிபடும், சில விமானங்கள் ஹைட்ரஜன் குண்டோடு எப்போதும் வானத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். 1966 ஜனவரி 17 அன்று அப்படிச் சுற்றிய பி-52 விமானம் ஒன்று ஸ்பெயினில் பலோமாரெஸ் என்ற கிராமத்துக்கு மேலே, பறந்தபடியே எரிபொருள் நிரப்பும்போது மோதி நொறுங்கியது. நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் கீழே விழுந்தன. அணுவெடிப்பு நிகழவில்லை. ஆனால் இரண்டு குண்டுகளின் சாதாரண வெடிமருந்து வெடித்து வயல்களில் புளூட்டோனியம் தூவியது. ஒன்று கடலில் விழுந்து, அதைத் தேடி எடுக்க இரண்டரை மாதத்துக்கு மேல் ஆனது. யாருடனும் போர் இல்லாத ஒரு கிராமத்தில், யாரும் தாக்காமலேயே நடந்தது இது.

அடுத்த வழி, ஏவுகணையைப் பூமிக்கடியில் கான்கிரீட் குழியில் பதுக்குவது. மூன்றாவது வழிதான் சிறந்ததாக அமைந்தது: நீர்மூழ்கிக் கப்பல். 1960 நவம்பரில் அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் என்ற அணுசக்தி நீர்மூழ்கி 16 போலாரிஸ் ஏவுகணைகளோடு முதல் ரோந்துக்குக் கிளம்பியது. கடலுக்குள் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும் கப்பலை எங்கே என்று தேடி அடிப்பது? நாட்டையே அழித்தாலும் அந்தக் கப்பல் மிஞ்சும். சோவியத்தும் பின்னாலேயே வந்தது.

இதில் வேடிக்கையான ஒன்று உண்டு. அந்தக் கால நீர்மூழ்கி ஏவுகணைகளுக்குக் குறி சுத்தமாக இருக்காது. எதிரியின் ஏவுகணைக் குழி போன்ற சின்ன இலக்கை அடிக்க அவற்றால் முடியாது, ஒரு நகரத்தை வேண்டுமானால் அடிக்கலாம். ஆகவே முதல் தாக்குதலுக்கு அவை உதவாது, பழிவாங்கத்தான் உதவும். இந்தத் தர்க்கத்தின்படி, ராணுவ இலக்கைத் துல்லியமாக அடிக்கும் ஆயுதம் ஆபத்தானது, நகரத்து மக்களைக் கொல்வதற்கு மட்டுமே பயன்படும் ஆயுதம் அமைதிக்கு உதவுவது! எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

மக்னமாரா அந்தக் கணக்குக்கு எண்ணும் போட்டார். அமெரிக்காவை அடித்துவிட்டபின்னும், சோவியத் மக்களில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரையும் தொழில் திறனில் பாதியையும் அழிக்க முடிந்தால் போதும், எந்தச் சோவியத் தலைவரும் துணிய மாட்டார் என்றார். இரண்டு பக்கமும் இந்த நிலை வந்தபோது, டொனால்ட் பிரென்னன் என்ற நிபுணர் கிண்டலாக ஒரு பெயர் வைத்தார். பரஸ்பர உறுதியான அழிவு என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்கள், அவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் மேட், அதாவது பைத்தியம். திட்டுவதற்காக வைத்த பெயரே கடைசியில் கொள்கையின் பெயராக நிலைத்துவிட்டது.

இப்போது கிளாஸ்பரோவுக்குத் திரும்பலாம். நூறு ஏவுகணைகள் வைத்திருக்கும் நாட்டை நீங்கள் முந்திக்கொண்டு தாக்குகிறீர்கள், தொண்ணூறை அழித்துவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சிய பத்து உங்களை நோக்கி வரும். ஏவுகணை எதிர்ப்பு அமைப்பால் நூறையும் தடுக்க முடியாது. பத்தைத் தடுக்கலாம். அப்படியானால் கேடயம் யாருக்கு அதிகம் உதவுகிறது? முதலில் அடிப்பவனுக்கு. நீங்கள் மக்களைக் காப்பாற்றத்தான் கட்டுகிறீர்கள் என்றாலும், எதிரில் நிற்பவனுக்கு அது முதல் தாக்குதலுக்கான ஆயத்தமாகத்தான் தெரியும். உடனே அவன் நூறை முந்நூறாக்குவான். கேடயத்தைப் பெரிதாக்குவதைவிட ஏவுகணையைப் பெருக்குவது செலவு குறைவு என்பதால் இந்த ஓட்டத்துக்கு முடிவே இருக்காது. இதைத்தான் மக்னமாரா சொல்ல வந்தார். 1972 மே 26 அன்று மாஸ்கோவில் அமெரிக்க அதிபர் நிக்சனும் சோவியத் தலைவர் பிரெஷ்னேவும் கையெழுத்திட்ட ஏவுகணை எதிர்ப்பு ஒப்பந்தம், ஒவ்வொரு நாடும் இரண்டே இடங்களில், இடத்துக்கு நூறு எதிர்ப்பு ஏவுகணைகள் என்று வரம்பு கட்டியது. இரண்டு வருடத்தில் இரண்டு இடம் ஒன்றாகக் குறைந்தது. இரு வல்லரசுகளும் தத்தம் மக்களை அடுத்தவனிடம் பணயமாக நிறுத்திவைக்க மனமொப்பிக் கையெழுத்திட்ட காகிதம் அது.

கியூபாவில் நடந்தது என்ன

இந்தக் கணக்கு எல்லாம் காகிதத்தில் சரி. நிஜத்தில் ஒருமுறை சோதனைக்கு வந்தது 1962 அக்டோபரில்.

கதை இரண்டு வருடம் முன்பே தொடங்குகிறது. 1960 அமெரிக்க அதிபர் தேர்தலில் கென்னடி, ஏவுகணையில் சோவியத் நம்மை முந்திவிட்டது என்று மேடைக்கு மேடை பேசினார். பதவிக்கு வந்த பிறகு உளவுச் செயற்கைக்கோள் படங்கள் நேர்மாறாகக் காட்டின. சோவியத்திடம் அமெரிக்காவை எட்டும் ஏவுகணைகள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தன. 1961 அக்டோபர் 21 அன்று துணைப் பாதுகாப்பு அமைச்சர் ராஸ்வெல் கில்பாட்ரிக் இதைப் பகிரங்கமாகவே சொன்னார். சோவியத் எங்களைத் திடீரென்று தாக்கினாலும், அதன்பின் எங்களிடம் மிஞ்சுவது, அவர்கள் முதல் தாக்குதலில் வீசக்கூடிய அளவுக்குக் குறையாது என்பது அவர் பேச்சின் சாரம்.

இதை மாஸ்கோவில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். உங்கள் ஏவுகணைகள் கொஞ்சம், அவை எங்கே இருக்கின்றன என்பதும் எங்களுக்குத் தெரியும் என்று எதிரி சொல்கிறான். உங்கள் பதிலடி மிஞ்சாது என்று அர்த்தம். போதாததற்கு, பக்கத்து வீடான துருக்கியில் அமெரிக்காவின் 15 ஜூபிடர் ஏவுகணைகள் நிற்கின்றன. தரைக்கு மேலே, மறைப்பில்லாமல் நின்றவை அவை. அடி வாங்கினால் ஒன்றுகூடத் தப்பாது. அப்படியென்றால் அவற்றால் முதலில் அடிக்க மட்டும்தான் முடியும் என்றுதானே சோவியத் தலைவர் குருஷ்சேவ் நினைப்பார்? பெரிய ஏவுகணைகள் செய்ய வருடங்கள் ஆகும். கையில் ஏராளமாக இருந்த நடுத்தர ஏவுகணைகளை அமெரிக்காவுக்குப் பக்கத்துத் தீவான கியூபாவில் கொண்டுபோய் வைத்தால் ஒரே இரவில் குறை தீரும். 1961இல் கியூபாவின் பிக்ஸ் விரிகுடாவில் அமெரிக்கா ஏவிவிட்ட படையெடுப்பைக் கண்ட கியூபத் தலைவர் காஸ்ட்ரோவுக்கும் பாதுகாப்பு வேண்டியிருந்தது. இரண்டில் எது முக்கியக் காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். இரண்டும்தான் என்பது என் கட்சி.

இங்கே நம்ம ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் போகக் கூடாது. 83 வயது ராஜாஜி, காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவோடு அமெரிக்கா போய், 1962 செப்டம்பர் 28 அன்று வெள்ளை மாளிகையில் கென்னடியைச் சந்தித்து, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தும்படி கேட்டுக்கொண்டார். பதினெட்டு நாள் கழித்து, அக்டோபர் 16 காலையில், கியூபாவில் ஏவுகணைகள் நிற்கும் புகைப்படங்கள் அதே கென்னடியின் கைக்கு வந்தன.

அன்று அமெரிக்காவிடம் இருபத்தையாயிரத்துக்கு மேல் குண்டுகள், சோவியத்திடம் மூவாயிரத்துச் சொச்சம். பழைய போர்க் கணக்கில் இது ஆட்டமே இல்லை. ஆனால் கென்னடி தயங்கினார். தளபதிகள் கியூபாமீது உடனே விமானத் தாக்குதல் வேண்டும் என்றார்கள், அவர் கடற்படை முற்றுகையோடு நிறுத்திக்கொண்டார். காரணம், கியூபாவிலிருந்து தப்பும் ஒரே ஒரு ஏவுகணை ஒரு அமெரிக்க நகரத்தில் விழுந்தால்கூட, இருபத்தையாயிரமும் அந்த இழப்புக்கு ஈடாகாது. அடிபட்டு மிஞ்சும் கொஞ்சமே போதும் எதிரியைத் தடுக்க, என்ற பாடத்தைக் கென்னடி தன் வயிற்றிலேயே உணர்ந்த நாட்கள் அவை.

அக்டோபர் 26 அன்று குருஷ்சேவ் எழுதிய கடிதத்தில் ஓர் உவமை வருகிறது. போர் என்ற முடிச்சு விழுந்த கயிற்றின் இரண்டு முனைகளையும் நாம் ஆளுக்கொரு பக்கம் இழுக்கக் கூடாது, இழுக்க இழுக்க முடிச்சு இறுகும், பிறகு போட்டவனாலேயே அவிழ்க்க முடியாது, வெட்டத்தான் வேண்டியிருக்கும் என்ற பொருளில். உழவர் குடும்பத்தில் பிறந்த மனிதரின் உவமை.

மறுநாள் சனிக்கிழமை முடிச்சு இறுகியது. கியூபா வானில் ஒரு யு-2 உளவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு விமானி ருடால்ஃப் ஆண்டர்சன் இறந்தார். இன்னொரு யு-2 வழி தவறி சோவியத் எல்லைக்குள் போய்விட்டது. கடலில், பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கியை அமெரிக்கக் கப்பல்கள் சூழ்ந்துகொண்டு, மேலே வா என்று எச்சரிக்கும் சிறு வெடிகளைப் போட்டன. அதனுள்ளே அணுகுண்டு பொருத்திய டார்பீடோ, அதாவது நீருக்கடியில் பாயும் ஆயுதம், இருப்பது அமெரிக்கர்களுக்குத் தெரியாது. உள்ளே கொதிக்கும் வெக்கை, மாஸ்கோவுடன் தொடர்பு இல்லை. போர் தொடங்கிவிட்டது என்றே நினைத்த கேப்டன் டார்பீடோவைத் தயார் செய்யச் சொன்னதாகவும், கப்பலில் இருந்த மூத்த அதிகாரி வாசிலி ஆர்கிபோவ் அவரை அமைதிப்படுத்தி மேலே வரச் செய்ததாகவும் பின்னாளில் தெரியவந்தது.

அன்றிரவு அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் டோப்ரினினைச் சந்தித்தார். கியூபாவிலிருந்து ஏவுகணைகளை எடுங்கள், கியூபாமீது படையெடுக்க மாட்டோம் என்று உறுதி தருகிறோம், துருக்கியின் ஜூபிடர்களும் சில மாதங்களில் போய்விடும், ஆனால் அந்தக் கடைசி விஷயம் வெளியே வரக் கூடாது என்றார். மறுநாள் குருஷ்சேவ் ஒப்புக்கொண்டதை மாஸ்கோ வானொலி அறிவித்தது. துருக்கி விஷயம் பல வருடம் ரகசியமாகவே இருந்தது. அதனால் உலகம், கென்னடி முறைத்துப் பார்த்தார், குருஷ்சேவ் பயந்து ஓடினார் என்று நம்பியது. உண்மையில் நடந்தது கொடுக்கல் வாங்கல். உறுதியாக நின்றால் எதிரி பணிவான் என்ற தவறான பாடத்தை அமெரிக்கத் தலைவர்கள் பலர் கியூபாவிலிருந்து கற்றுக்கொண்டதற்கு இந்த ரகசியமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் பல வருடம் கழித்துத்தான் வெளிவந்தது. தீவில் சோவியத் வீரர்கள் நாற்பதாயிரத்துக்கு மேல் இருந்தார்கள், அமெரிக்க உளவுத்துறை மதிப்பிட்டதைப்போல் பல மடங்கு. அவர்களிடம் குறுகிய தூர அணு ஆயுதங்களும் இருந்தன என்பது முப்பது வருடம் கழித்து, 1992இல்தான் தெரிந்தது. தளபதிகள் கேட்டபடி படையெடுத்திருந்தால் கடற்கரையிலேயே அவை காத்திருந்திருக்கும்.

அந்த வாரத்தில் கடிதம் ஒன்று போய்ச் சேர்ந்து, மொழிபெயர்த்துப் படிக்க அரை நாள் ஆனது. டோப்ரினின் தன் சங்கேதத் தந்தியை, சைக்கிளில் வரும் தந்தி நிறுவனப் பையன் கையில் கொடுத்தனுப்பினாராம். வழியில் நண்பனோடு அரட்டை அடிக்காமல் போவானா என்று கவலைப்பட்டதாக அவரே எழுதியிருக்கிறார். அதனால்தான் 1963 ஆகஸ்டில் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நேரடித் தொடர்பு வந்தது. படங்களில் காட்டுவதுபோல் சிவப்புத் தொலைபேசி எல்லாம் இல்லை. தட்டச்சில் செய்தி வரும் டெலிபிரிண்டர். பேசினால் வார்த்தை தடிக்கும், எழுதினால் யோசிக்க நேரம் கிடைக்கும் என்று வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள்.

நேரே மோதாமல் மோதுவது

இந்தக் கணக்கு வெளியுறவுக் கொள்கையை எப்படி வளைத்தது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் கொரியப் போர். அங்கே மிக்-15 விமானங்களை ஓட்டியவர்களில் பலர் சோவியத் விமானிகள். விமானத்தில் சீன, கொரிய அடையாளங்கள் பூசியிருந்தார்கள். வானொலியில் ரஷ்ய மொழி பேசக் கூடாது என்று உத்தரவு வேறு. (உயிருக்குப் போராடும்போது யாருக்கு அந்நிய பாஷை வாயில் வரும்? ரஷ்யமொழி வசவுகள் அமெரிக்கர்கள் காதில் விழத்தான் செய்தன.) அமெரிக்காவும் தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டது. வெளியே சொன்னால், சோவியத்துக்குப் பதிலடி கொடு என்று சொந்த மக்களே கேட்பார்கள். கேட்டால் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் எங்கே போய் நிற்கும் என்று தெரியாது.

பெரியவர்கள் நேரே மோத முடியாததால் சண்டை சிறிய நாடுகளின் முற்றத்துக்குப் போனது. வியட்நாம், அங்கோலா, ஆப்கானிஸ்தான். ஐரோப்பாவில் அணு ஆயுதம் காத்த அமைதி என்று மேற்கத்திய நூல்கள் பெருமையாகச் சொல்லும்போது, அந்த அமைதிக்கான வாடகையை யார் கட்டினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

கூட்டாளிகள் விஷயம் இன்னும் சிக்கல். உன்னை யாராவது அடித்தால் நான் அணுகுண்டு போடுகிறேன் என்று அமெரிக்கா மேற்கு ஐரோப்பாவுக்கு வாக்குக் கொடுத்தது. பாரிஸைக் காப்பாற்ற நியூயார்க்கை இழக்க நீங்கள் தயாரா என்று பிரெஞ்சு அதிபர் தெகோல் 1961இல் கென்னடியிடமே கேட்டுவிட்டார். நேர்மையான பதில் யாரிடமும் இல்லை. பிரான்ஸ் அதற்கு முந்தைய வருடமே தன் சொந்தக் குண்டை வெடித்துப் பார்த்திருந்தது. மேற்கு பெர்லினில் சில ஆயிரம் அமெரிக்கச் சிப்பாய்கள் இருந்ததும் இந்தக் கேள்விக்கான ஒரு பதில்தான். சுற்றிலும் சோவியத் பெரும்படை, அவர்களால் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. ஆனால் அவர்கள் செத்தால் வாஷிங்டனால் ஒதுங்கி நிற்க முடியாது என்பது எதிரிக்குப் புரிய வேண்டும். சாவதற்காகவே நிறுத்தப்பட்டவர்கள்.

இந்தியாவும் பின்னாளில் இதே தர்க்கத்துக்குள் வந்தது. முதலில் பயன்படுத்த மாட்டோம் என்று அறிவித்த நாட்டுக்குப் பதிலடி பிழைப்பதுதான் எல்லாமே. அதற்காகத்தான் அரிஹந்த் நீர்மூழ்கி. அதன் அணு உலையின் முன்மாதிரியைத் தரையில் கட்டி ஓட்டிப் பார்த்த இடம் நம்ம கல்பாக்கம்.

பிழையும் மனிதனும்

இதுவரை சொன்ன கணக்கில் இரண்டு தலைவர்களும் தெளிவாக யோசிப்பார்கள், இயந்திரங்கள் உண்மையைச் சொல்லும் என்று ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. 1979 நவம்பர் 9 அன்று அமெரிக்கக் கண்காணிப்பு மையத்தின் திரைகளில் பெரும் சோவியத் தாக்குதல் தெரிந்தது. யாரோ பயிற்சிக்கான தகவலை நிஜக் கணினியில் ஓடவிட்டிருந்தார்கள்.

1983 செப்டம்பர் 26 இன்னும் மோசம். கொரியப் பயணிகள் விமானத்தை சோவியத் சுட்டு வீழ்த்தி 269 பேர் இறந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம். மாஸ்கோவுக்குத் தெற்கே ஒரு கண்காணிப்பு மையத்தில் லெப்டினன்ட் கர்னல் ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் பணியில் இருந்தார். அமெரிக்காவிலிருந்து ஓர் ஏவுகணை கிளம்பியதாகச் செயற்கைக்கோள் சொன்னது. அப்புறம் இன்னொன்று. மொத்தம் ஐந்து. பெத்ரோவ் இதைப் பொய் எச்சரிக்கை என்று மேலே தெரிவித்தார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, ஐந்து ஏவுகணையோடு யாரும் போர் தொடங்க மாட்டார்கள் என்பது. முதலில் அடிப்பவன் பதிலடியை ஒழிக்க நூற்றுக்கணக்கில் அடிப்பான், ஐந்தால் அடித்து எங்களைக் கோபப்படுத்துவானா? இவ்வளவு நேரம் நாம் பேசிய பாடம் முழுவதும் அந்த ஒரு யோசனைக்குள் இருக்கிறது. மேகங்களின் மீது பட்ட சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணை என்று நினைத்துவிட்டதாகப் பிறகு கண்டுபிடித்தார்கள்.

அதே 1983 மார்ச்சில்தான் அதிபர் ரேகன், வரும் ஏவுகணைகளை வழியிலேயே அழிக்கும் கேடயம் கட்டுவோம் என்று தொலைக்காட்சியில் அறிவித்திருந்தார். கோசிகின் கேட்ட அதே கேள்வியை இப்போது வாஷிங்டன் கேட்டது: மக்களைக் காப்பாற்றினால் தப்பா? மாஸ்கோ மக்னமாராவின் வாதத்தைத் திருப்பிச் சொன்னது. 1986இல் ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யாவிக்கில் ரேகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் அணு ஆயுதங்களையே அடியோடு ஒழிக்கலாமா என்பது வரை பேசிவிட்டு, இந்தக் கேடயத்தில் இடறித்தான் வெறுங்கையோடு பிரிந்தார்கள். மறு வருடம் நடுத்தர ஏவுகணைகளையாவது ஒழித்தார்கள், அது வேறு கதை. 1986இல் எழுபதாயிரம் வரை போயிருந்த உலகக் குண்டுகளின் எண்ணிக்கை இப்போது பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்.

2002இல் அமெரிக்கா 1972 ஒப்பந்தத்திலிருந்து விலகியது. ஈரான், வடகொரியா போன்ற நாடுகளிடமிருந்து தற்காக்கவே கேடயம் என்றது. 2018 மார்ச் 1 அன்று புதின், கேடயத்தைச் சுற்றிக்கொண்டு போகும் புதிய ஆயுதங்களை வரிசையாகத் திரையில் காட்டி, நீங்கள் ஒப்பந்தத்தை முறித்ததற்கு இதுதான் பதில் என்றார்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் ஓட்டை இருக்கிறது. பதிலடி என்ற மிரட்டல் எதிரியைத் தடுப்பதற்காக. அது தடுக்கத் தவறி, உங்கள் நாடு அழிந்தேபோனது என்று வையுங்கள். இப்போது திருப்பி அடிப்பதால் யாருக்கு என்ன லாபம்? இறந்தவர்கள் திரும்பி வரப்போவதில்லை. இன்னும் சில கோடிப் பேர் சாவார்கள், அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால் அடிக்காமல் விடுவதே சரி. ஆனால் அடிக்காமல் விடுவோம் என்று எதிரிக்குத் தெரிந்துவிட்டால் மிரட்டலே செத்துவிடும்.

இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் கேட்கும் நாடு ஒன்று உண்டு. பிரிட்டனில் புதிய பிரதமர் பதவியேற்றவுடன் செய்ய வேண்டிய முதல் வேலைகளில் ஒன்று, நான்கு அணு ஆயுத நீர்மூழ்கிகளின் கேப்டன்களுக்குத் தன் கையால் நான்கு கடிதங்கள் எழுதுவது. நான்கிலும் ஒரே வாசகம். லண்டன் அழிந்து, அரசு இல்லாமல் போய்விட்டால் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இருக்கும். கடிதம் கப்பலில் பெட்டகத்துக்குள் இன்னொரு பெட்டகத்தில் கிடக்கும். நான்கில் ஒரு கப்பலாவது எந்த நேரமும் கடலுக்கடியில் இருக்கும். பிரதமர் பதவி விலகியதும் நான்கு கடிதங்களையும் பிரிக்காமலேயே அழித்துவிடுகிறார்கள்.